கொதியனின் இரண்டாம் வருகை

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய கோபத்தை அப்படியே திரும்பக் கொண்டுவா என்று கேட்டால் மனிதன் எங்கே போவான்? அதென்ன, நிலவறைப் பெட்டியில் கிடக்கும் பனிக்காலச் சப்பாத்தா, தூசி தட்டி மாட்டிக்கொள்ள? ஆனால் அதைத்தான் கேட்டார்கள். நான் திரும்பவும் பாட்டுப் பதிவு செய்யப்போகிறேன் என்று இன்ஸ்டாவில் இரண்டே இரண்டு வரி எழுதிப் போட்டேன். அன்றைக்கே அறுநூறு பேர் பதில் எழுதிவிட்டார்கள். "அண்ணை, பழைய நெருப்பு வேணும்" என்று டொரன்டோவிலிருந்து ஒருவன். "'வரிசை' மாதிரி ஒண்டு தராட்டி நான் உங்களைப் பாக்கவே மாட்டன்" என்று லண்டனிலிருந்து ஒருத்தி. "கொதியன் வாறான், எல்லாரும் விலத்துங்கோ" என்று பாரிஸிலிருந்து இன்னொருவன்.

கொதியன் என்பது நான்தான். வீட்டுப் பெயர் டெனிஸ்டன். வயது நாற்பத்தெட்டு. ஜெர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்குப் போய், வயோதிபர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுவது என் தொழில். ஆட்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. 2003இல் 'வரிசை'யைப் பாடியபோது எனக்குத் தோள் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

'வரிசை' என்ன பாட்டு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டவர் அலுவலகத்தின் வாசலில் விடியற்காலைப் பனியில் அப்பாவோடு நம்பர் துண்டுக்காக நின்று, உள்ளே போய், அப்பா சொல்வதை அதிகாரிக்கும் அதிகாரி கத்துவதை அப்பாவுக்கும் மொழிபெயர்த்த பதினொரு வயதுப் பையனின் கோபம் அது. அதில் பொய்யில்லை. அதனால்தான் ஐரோப்பா முழுக்க எந்த மண்டபத்தில் பிறந்தநாள் விழா நடந்தாலும் கேக் வெட்டிய கையோடு அதைப் போட்டார்கள். எனக்கு வந்த மரியாதையைப் பார்த்து என் அப்பாவே பயந்துபோனார்.

பிறகு ஊரில் போர் முடிந்த அந்த 2009 மே மாதம் வந்தது. எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், "அண்ணை, பாட்டு எப்ப?" நான் கடதாசியோடு இருந்தேன். ஒரு சொல் வரவில்லை. அவ்வளவு பெரிய சாவுக்கு முன்னால் என் வாய் சின்னதாகிவிட்டது. அந்தக் கிழமைகளில்தான் எசனில் அச்சகம் வைத்திருக்கும் ஜேசுரட்ணம் அண்ணை தொலைபேசி எடுத்தார். கல்யாண அட்டை, சாமத்திய வீட்டு அட்டை, கல்வெட்டு எல்லாம் அடிப்பவர். "ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிக்குது. தம்பிக்காரன் அங்க செத்திட்டான். உடலும் இல்லை, அடக்கமும் இல்லை. கல்வெட்டாவது அடிக்கவேணும். நாலு பாட்டு எழுதித் தாவன்" என்றார். எனக்காக வராத சொல் அந்தக் குடும்பத்துக்காக அரை மணி நேரத்தில் வந்தது.

கல்வெட்டு என்றால் எங்களுக்குள் விளக்கம் தேவையில்லை. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்போம். முன்னால் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, செபங்கள், கடைசியில் நன்றி. நடுவில் புலம்பல்: மனைவி புலம்பல், மகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், ஒவ்வொருவர் பெயரிலும் பாட்டுப் பாட்டாக. அதை அவர்கள் எழுதுவதில்லை. யார் எழுதியது என்று யாரும் கேட்பதுமில்லை. குடும்பம் ஜேசுரட்ணம் அண்ணைக்குத் தொலைபேசியில் அழும். அவர் அதைக் குறித்துக்கொண்டு எனக்கு வாசிப்பார். நான் ரயிலிலோ வேலை இடைவேளையிலோ கொப்பியில் எழுதி, படம் எடுத்து அனுப்பிவிட்டு, மறந்துவிடுவேன். மறக்கத்தான் வேண்டும். இப்படி இருநூற்று நாற்பது சாவு. எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தால் எனக்கே ஒரு முதியோர் இல்லம் தேவைப்பட்டிருக்கும்.

ஒரேயொரு புத்தகத்துக்கு மட்டும் என்னால் எழுத முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் என் அம்மா இறந்தார். கொப்பியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். கடைசியில் ஜேசுரட்ணம் அண்ணை தன் கோப்பில் கிடந்த பொதுப் புலம்பல் ஒன்றை எடுத்து, பெயரை மாற்றி அடித்தார். நானும் சரி என்று தலையாட்டினேன். அதை நினைக்க இப்பவும் எனக்கு வெட்கம்.

அன்றிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. கதிரையில் இருந்தால் ஆடும், படுத்தால் ஆடும். என் மனைவி இமெல்டா மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்டில் பாடுங்கோ, இல்லாட்டி வெளியில போய் நடவுங்கோ. என்ர சோபாவை ஆட்டாதேங்கோ." அதுதான் கொதியனின் இரண்டாம் வருகைக்குக் காரணம். வேறு தெய்வீகக் காரணம் ஒன்றுமில்லை.

ஒலிப்பதிவு எசனில், ஒரு பழைய தையல் கடைக்குக் கீழே இருந்த அறையில். வைத்திருப்பவள் ஸ்வர்ணா. திருச்சிக்காரி, முப்பத்து நான்கு வயது. கிழமை நாட்களில் போஹும் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றி ஆராய்ச்சி செய்கிறாள், சனிக்கிழமைகளில் பாட்டுப் பதிகிறாள். என்னை 'சார்' என்று கூப்பிடுவாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

முதல் மூன்று சனிக்கிழமையும் வீண். தாளத்தைப் போடுவாள், நான் மைக்குக்கு முன்னால் நின்று வாயைத் திறப்பேன். 'வரிசை'யின் பழைய வரி வரும். அதை விழுங்கினால் வெறும் மூச்சு வரும்.

"சார், உங்க வாய்ஸ் ஒண்ணும் ரெக்கார்டு ஆகல. ஆனா உங்க கால் சூப்பரா ரெக்கார்டு ஆகுது" என்றாள் ஸ்வர்ணா. "டக்டக்னு ஆட்டிட்டே இருக்கீங்க. ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினேன். வெறும் காலுறையோடு நின்றாலும் ஆடியது. அவள் ஒரு பழைய கம்பளித் துண்டை மடித்து என் காலுக்குக் கீழே போட்டாள்.

நான்காவது சனிக்கிழமை. அவள் ஒரு மெதுவான தாளம் போட்டாள். நான் கண்ணை மூடினேன். யாரும் தள்ளாமல், நான் தேடாமல், வாய் தானாகத் திறந்தது.

பாண் மணக்கும் சட்டையோடு படியேறி வருவீரே
நான் முழிக்கும் முன்னாலே நாள் முடித்து வருவீரே
கதவு மூன்று தட்டலுக்குக் காது வைத்துக் கிடக்கின்றேன்
எதுவும் இன்றிப் படியெல்லாம் இருளாகக் கிடக்குதையா

"சார்!" என்றாள் ஸ்வர்ணா. "இது எங்க இருந்து வந்துச்சு? அந்த பிரெட் வாசம், அந்த மூணு தட்டு?"

எனக்கே தெரியாது என்றேன். அது உண்மை. எனக்கு அழுகை வந்தது. பதினாறு வருடம் வற்றிக் கிடந்த கிணறு திரும்ப ஊறிவிட்டது என்று நினைத்தேன். சந்தோசத்தில் அவளுடைய கதிரையைப் பிடித்து ஆட்டியிருக்கிறேன், "சார், சேர் வீல் உடைஞ்சிடும்" என்று கத்தினாள். அன்று பின்னேரமே நாற்பது செக்கன் துண்டை இன்ஸ்டாவில் போட்டேன்.

பாதிப் பேர் உருகினார்கள். மீதிப் பேர் உறுமினார்கள். "என்ன அண்ணை, ஒப்பாரி வைக்கிறியள்? கொதியன் எங்க?" என்று டொரன்டோக்காரன். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வரிகள் வந்துவிட்டன. என் சொந்த வரிகள். அந்த ஞாயிறு முழுவதும் நான் வீட்டில் சோபாவை ஆட்டவில்லை.

திங்கட்கிழமை காலை, தொண்ணூறு வயது மூதாட்டி ஃபிரவ் கெஸ்லருக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். பையில் தொலைபேசி நடுங்கியது. வேலை நேரத்தில் பார்க்கக்கூடாது. ஆனால் அம்மாவின் விஷயத்துக்குப் பிறகு நான் பார்க்காமல் விடுவதில்லை. கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு புத்தகப் பக்கத்தின் படம். மேலே 'மகள் சுஜீவா புலம்பல்'. கீழே பாண் மணக்கும் சட்டை, மூன்று தட்டல், இருண்ட படி, எல்லாம் அச்சடித்தபடி. படத்தோடு பீலெஃபெல்டிலிருந்து சுஜீவா என்ற பெண் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தாள்: "இது என்ர அப்பா சூசைதாசன்ர கல்வெட்டு. நான் என்ர அப்பாவுக்கு எழுதினது. செத்த மனிசன்ர புத்தகத்தில இருந்தும் களவெடுப்பீங்களோ? வெக்கமா இல்லையா?"

அப்போதுதான் விளங்கியது. கிணறு ஊறவில்லை. நான் எழுதிக் கொடுத்து மறந்த ஒன்றை என் வாய் புதிதென்று நினைத்து எடுத்துத் தந்திருக்கிறது. ஃபிரவ் கெஸ்லர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்: கல்வெட்டுக் கள்ளன். என் நாற்பது செக்கனுக்கு நடுவில் காவல்துறை வாகனச் சத்தத்தைச் சேர்த்து ஒருவன் பரப்பினான். டொரன்டோக்காரன் எழுதியது மட்டும் தைத்தது: "அண்ணை, உங்களிட்ட ஒண்டும் இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே."

வேலை முடிந்ததும் ஜேசுரட்ணம் அண்ணைக்கு எடுத்தேன்.

"பாத்தனான், பாத்தனான்" என்றார். "உது சூசைதாசன்ர தானே. ஊர் பேசாலை, இங்க பாண் பேக்டரியில வேலை செய்தவர். அந்தப் பிள்ளை எனக்கு ஒண்டரை மணித்தியாலம் போனில அழுதது. நான் சொல்ல நீதான் எழுதினனீ."

"அப்ப ஏன் அவள் தான் எழுதினதெண்டு சொல்லுறாள்?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. நான் என்ன, சேட்டிபிக்கட்டே குடுக்கிறன்? டேய், உன்ர கொப்பி இருக்கெல்லே? தேதியோட கிடக்கும். படம் எடுத்துப் போடு. பத்து நிமிசத்தில முடிஞ்சுது அலுவல்."

கொப்பி இருந்தது. ஒன்பதாவது கொப்பி. 2022 கார்த்திகை 14 என்று என் கையெழுத்தில் தேதி. புத்தகத்தில் நான்கு பாட்டு, கொப்பியில் ஐந்து. ஐந்தாவதின் பக்கத்தில் 'அண்ணை வெட்டினது' என்று குறித்திருந்தேன். இடமில்லை என்று வெட்டினாரா, சனம் என்ன நினைக்கும் என்று வெட்டினாரா, நினைவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! பழைய நெருப்பு கேட்டீர்களே, பிடியுங்கள் என்று கொப்பியைப் படம் எடுத்தேன். விரல் பொத்தானில் இருந்தது. ஆனால் முதலில் அவளுடைய முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. பதினாறு வருடம் ஆட்களுக்கு அழுது கொடுத்தவனைக் கள்ளன் என்றால் எப்படி இருக்கும் என்று அவள் பார்க்கட்டும். அவளுக்கு எழுதினேன்: "சனிக்கிழமை நேரில வாறன். கதைப்பம்." உடனே பதில் வந்தது: "வாங்கோ. அம்மாவும் இருக்கிறா. அவவுக்கும் பதில் சொல்லுங்கோ."

ஹம்மிலிருந்து பீலெஃபெல்டுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன். பேக்கரிக் கடதாசிப் பையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டும் போனேன். கோபம் எழுதியது, நான் பேனையைப் பிடித்திருந்தேன். 'கள்ளன்' என்று தலைப்புப் போட்டேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரி என் காலைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் சுஜீவா. முப்பது வயதிருக்கும். தாதி வேலை செய்பவள் என்று கையைப் பார்த்ததும் தெரிந்தது. என்னுடையதைப் போலவே கழுவிக் கழுவி வெடித்த கை. முகத்தில் சிரிப்பில்லை. உள்ளே மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் சூசைதாசனின் படம். அதற்குக் கீழே சட்டகத்தில் என் நான்கு பாட்டு, பெரிய எழுத்தில், அடியில் 'மகள் சுஜீவா' என்று.

தாயின் பெயர் யோசப்பின். அந்த அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கள்ளனுக்கும் தேத்தண்ணி உண்டு, அது எங்கள் வழக்கம்.

"இருங்கோ தம்பி" என்றார். "உங்களிட்ட நான் சண்டை பிடிக்கேல்ல. ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. என்ர மனிசனுக்குச் சாகுமட்டும் ஒரே ஒரு கவலைதான். பிள்ளைக்குத் தமிழ் வராதாம். தன்ர பிள்ளை தன்னோட மனம் விட்டுக் கதைக்கிறதுக்குத் தன்னட்ட மொழி இல்லையாம். அவர் இந்த நாட்டு டொச்சில தடுமாறுவார், இவள் தமிழில தடுமாறுவாள். சாப்பிட்டியா, படிச்சியா, அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு. பிறகு முப்பத்தோராம் நாள் இவள் எழும்பி நிண்டு இதை வாசிச்சாள். மண்டபமே அழுதது. இவளுக்குள்ள இவ்வளவு தமிழ் இருந்திருக்கே எண்டு நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சனான். அவர் கேக்காமல் போயிட்டாரே எண்டுதான் எனக்கு இண்டைக்கும் கவலை. அதைப் போய் நீங்கள் எடுக்கலாமே?"

சுஜீவா சட்டகத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மடியில் பை இருந்தது. பைக்குள் கொப்பி இருந்தது. என் கால் ஆடுவதில் கோப்பைத் தட்டு கிலுகிலுத்தது.

"எனக்கு முழுக்கப் பாடம்" என்றார் யோசப்பின் அக்கா. "கேளுங்கோ, இது ஆரின்ர சொத்தெண்டு."

கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். பாண் மணக்கும் சட்டை. மூன்று தட்டல். இரண்டாவது பாட்டு. மூன்றாவது. அப்படி யாரும் என் வரிகளைச் சொல்லி நான் கேட்டதில்லை. மண்டபங்களில் ஆயிரம் பேர் கத்தியபோதும் கேட்டதில்லை. நான்காவது பாட்டு முடிந்தது. அவர் நிறுத்தினார். என் வாய் நிறுத்தவில்லை. அந்தப் பாழாய்ப்போன வாய்க்குப் பாட்டு ஐந்து என்றுதான் தெரியும்.

பள்ளிப்பை ஓரத்தில் பாண் ஒன்று வைத்தீரே
அள்ளியதைக் குப்பையிலே அன்றாடம் போட்டேனே

சுஜீவாவின் கோப்பை சாய்ந்து தேத்தண்ணி மேசை விரிப்பில் ஊற்றுண்டது. அவள் துடைக்கவில்லை. நிமிர்ந்து என்னையே பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அப்பா வேலையால் வரும்போது சூடாகக் கொண்டுவந்து பள்ளிப் பையில் வைத்த பாணை வெட்கத்தில் எறிந்த கதையை இவள் உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான், ஜேசுரட்ணம் அண்ணையிடம்தான், தொலைபேசியில் அழுதழுது சொல்லியிருக்கிறாள். தாய்க்குத் தெரியாது.

"உது எங்க கிடக்கு?" என்றார் யோசப்பின் அக்கா. "புத்தகத்தில உப்பிடி ஒண்டும் இல்லையே."

"நான் பிறகு சேர்த்ததக்கா" என்றேன். "எடுத்ததோட நிக்காமல் என்ர பாட்டில ஒட்டும் போட்டனான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சீ! என்ர பிள்ளை தகப்பன் வச்ச பாணை ஒருநாளும் எறியாது. அந்த மனிசன் இரவிரவா நிண்டு உழைச்சது. அழியுங்கோ உதை!"

"அழிக்கிறன் அக்கா."

"உங்களுக்குத் தாய் இருக்கிறாவோ?"

"இல்லை. மூண்டு வருசம்."

"அவவின்ர கல்வெட்டுக்கு நீங்கள் என்ன எழுதினீங்கள்?"

"ஒண்டும் எழுதேல்ல."

"அதுதான்" என்றார். "சொந்தத் தாய்க்கு ஒண்டும் எழுதாத ஆள்தான் மற்றவையின்ரயில கை வைக்கும்."

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி கத்தியபோதுகூட எனக்கு இப்படிக் கூசவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, நான் எடுத்தது பிழை. எல்லாருக்கும் முன்னால எழுதிப் போடுறன்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். கொப்பி பைக்குள்ளேயே இருந்தது.

இரண்டாம் மாடி வளைவில் சுஜீவா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, நீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"அச்சடிக்கிற அங்கிள்தான் எழுதினவர் எண்டு நினைச்சிருந்தன். ஏன் அம்மாக்கு முன்னால சொல்லேல்ல? நான் உங்களைக் கள்ளன் எண்டெல்லே எழுதினனான்! ஒருத்தரும் கேக்கேல்ல எண்டு நானும் சொல்லேல்ல. பிறகு அம்மா கட்டிப்பிடிச்சா. என்ர வாழ்க்கையில அவ என்னை அப்பிடிக் கட்டிப்பிடிச்சதே இல்லை அண்ணை. அதுக்குப் பிறகு எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். "நான் இண்டைக்கே எழுதிறன். உண்மையைப் போடுறன்."

"போடக்கூடாது."

"ஏன்?"

"நான் இருநூற்று நாற்பது பேருக்கு எழுதியிருக்கிறன் பிள்ளை. நீங்கள் இதை எழுதினால் நாளைக்கு டொரன்டோவில இருந்து சூரிச் மட்டும் எல்லாரும் தங்கட வீட்டுச் சுவரைப் பாப்பினம். உங்கட அம்மா மாதிரி எத்தினை அம்மா இருப்பினம். வேண்டாம்."

"அப்ப உங்கட பாட்டு? சனம் உங்களை இனிக் கேக்காதே."

"கேக்காட்டிப் போகட்டும்" என்றேன். பொய். கேட்காவிட்டால் எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். கொப்பியைத் திறந்து ஐந்தாவது பாட்டு இருந்த தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். "இது உங்கட. அம்மாட்டக் காட்டிறதோ, பெட்டிக்குள்ள வைக்கிறதோ, அது உங்கட விருப்பம்."

படியிலேயே நின்று வாசித்தாள். அவளுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வந்தது, உதடு அசைந்தது.

சுட்டபாண் சூடின்னும் என் கையில் இருக்குதையா
கொட்டியதை அள்ளத்தான் கொடுப்பினைகள் இல்லையையா

"எறிஞ்சது உண்மைதான் அண்ணை" என்றாள்.

"தெரியும்" என்றேன். "பொய்யெண்டா எனக்கு வரி வந்திராது."

திரும்பும் ரயிலில் எழுதிப் போட்டேன்: "அந்த வரிகள் சுஜீவா தன் அப்பாவுக்கு எழுதியவை. நான் கேட்காமல் எடுத்தேன். பிழை என்னுடையது. மன்னிப்புக் கேட்கிறேன்." ஹம் வருவதற்குள் எண்ணூறு பேர் என்னை விட்டுப் போயிருந்தார்கள். டொரன்டோக்காரன் ஒன்றும் எழுதவில்லை, அதுதான் கூடுதலாக வலித்தது. ஜேசுரட்ணம் அண்ணை எடுத்து, "விசரா! கொப்பி கையில இருக்க உப்பிடி எழுதுவானே ஒருத்தன்?" என்று கத்தினார். கத்தி முடிய, மெதுவாக, "அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். நல்லாயிருக்கிறாள் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை எசனுக்குப் போனேன். ஸ்வர்ணா கதவைத் திறந்தபடி கேட்டாள்: "சார், நிஜமாவே திருடினீங்களா?"

"ஓம்."

"நான் நம்பல. அன்னைக்கு நீங்க அழுததை நான் பார்த்தேன். திருடினவன் யாராவது சேரை ஆட்டுவானா?"

"பதிவைப் போடுங்கோ ஸ்வர்ணா" என்றேன். பேக்கரிப் பையை மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவள் வேகமான தாளம் ஒன்றைப் போட்டாள்.

கள்ளன் வாறான், கதவைச் சாத்து
உள்ளதை எல்லாம் ஒளிச்சு வை பாத்து
என்னட்டக் களவெடுக்க என்ன இருக்கு, கேள்
சொந்தமாய் இருக்கிறது நோகிற தோள்

ஒரே மூச்சு. மூன்று நிமிடம் இருபது செக்கன். பிழையில்லை, திக்கவில்லை. ஸ்வர்ணா எழும்பி நின்று கைதட்டினாள். "இதான் சார்! இதைத்தானே எல்லாரும் கேட்டாங்க! இதைப் போட்டீங்கன்னா போனவங்க எல்லாம் திரும்பி வந்துடுவாங்க."

வருவார்கள் என்று எனக்கும் தெரிந்தது. திரும்பப் போட்டுக் கேட்டேன். நல்ல பாட்டு. நெருப்பு இருந்தது, கொதியன் இருந்தான், டொரன்டோக்காரனும் இருந்தான். ஆனால் அது முடிந்ததும் என் காதில் கேட்டது வேறு. அவவின்ர கல்வெட்டுக்கு நீங்கள் என்ன எழுதினீங்கள்?

ஸ்வர்ணா வயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள்.

"இன்னொண்டு இருக்கு" என்றேன்.

"இன்னொண்ணா? பேப்பர் எங்க?"

"பேப்பர் இல்லை."

"பீட் எது போட?"

"பீட் வேண்டாம். சும்மா ஓடட்டும்."

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பப் போய்க் கதிரையில் இருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கம்பளித் துண்டின் மேல் நின்றேன். எதுகை தேடினேன், வரவில்லை. சந்தம் தேடினேன், வரவில்லை. வேறு யாருடைய மகனாகவோ மகளாகவோ நின்று பார்த்தேன், இந்த முறை ஒருவரும் இடம் தரவில்லை.

"கால் சத்தம் வருதோ?" என்று கேட்டேன்.

"இல்ல சார்" என்றாள் ஸ்வர்ணா, ஹெட்போனுக்குள்ளால் மெதுவாக. "நீங்க ஆடவே இல்லை."

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

"அம்மா போனது காலமை ஏழேகாலுக்கு" என்றேன் மைக்கில். "ஆஸ்பத்திரியில இருந்து மூண்டு தரம் எடுத்தவை. என்ர பைக்குள்ள போன் நடுங்கினது எனக்குத் தெரியும். வேலை நேரம் எண்டு நான் எடுக்கேல்ல. இன்னொரு அம்மாவுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டு நிண்டனான்."

அது பாட்டா என்று எனக்குத் தெரியாது. யார் கேட்பார்கள் என்றும் தெரியாது. ஸ்வர்ணா கையைத் தூக்கி, ஓடுகிறது, ஓடுகிறது என்று காட்டினாள். அடுத்த வரியும் என்னிடம் இருந்தது. சொன்னேன்.